கியர் ராடுக்கு வாய்த்த கை

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். உயரம் ஒரு சாண்தான். உருண்டைத் தலை, கறுப்பு நிறம், உச்சியில் வெள்ளைக் கோட்டில் ஐந்து எண்களும் ஓர் எழுத்தும். கழுத்தில் ஒரு வளையம் வேறு. காரில் என் வீட்டுக்காரர் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவே நிற்கிறாள். அவர் ஓட்டும்போது இடது கை ஸ்டியரிங்கில் இருக்கும் நேரம் குறைவு, அவள் தலைமேல் இருக்கும் நேரம்தான் அதிகம். கியர் மாற்றவே அவசியமில்லாத நேர் ரோட்டிலும் கை அங்கேதான் கிடக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தோளில் அந்தக் கை அவ்வளவு நேரம் கிடந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயிறு எரிகிறவளுக்கு வெட்கம் எதற்கு?

நாங்கள் இருப்பது ஒரு தீவு, ஊர் புரோத்ராபூர். இரண்டு பேருமே தூத்துக்குடிக் கடற்கரை. அவர் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர், அதற்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டரிடம் ஜீப் ஓட்டியவர். நான் கடலுக்கு அக்கரையில் பேம்பூ ஃப்ளாட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பிள்ளைகள் இருவரும் மெயின்லேண்டில் படிக்கிறார்கள். வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து கப்பலில் கார் வந்து இறங்கியது.

அன்று அவர் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வர மத்தியானம் தாண்டிவிட்டது. நான் ஆரத்தித் தட்டு மாதிரி எதுவும் வைத்துக் காத்திருக்கவில்லை, மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். வாசலில் வண்டி நின்றது, எஞ்சின் அணைந்தது, அவர் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்தபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஆறிப்போயிற்று என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். காட்டியது வலது கை. இடது கை வேலையாக இருந்தது.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். நானும் தொண்ணூறு நாளை நம்பிப் பொறுத்துக்கொண்டேன். அது போகவில்லை, முற்றியது. முழுகாமல் இருக்கிறவளுக்குச் செய்கிற பணிவிடை எல்லாம் அந்த ராடுக்கு நடந்தது. பனியன் துணியால் துடைப்பார். வெயிலில் நிறுத்தினால் அதன் தலையில் ஈரத் துண்டு போடுவார். உப்புக் காற்று கேபிளைத் தின்றுவிடும் என்று மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து கிரீஸ் வைப்பார். என் சங்கிலியின் கொக்கி ஈஸ்டருக்கு அறுந்தது, இன்னும் சோப்பு டப்பாவில் கிடக்கிறது. கையில் இடுக்கி இருக்கிறது, அது கொக்கிப் பக்கம் மட்டும் வராது.

அவருக்கு இந்தக் காரின் கியரில் என்னதான் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தேங்காய் போட வந்தவரிடம் சொன்னார், கோயில் சாமியாரிடம் சொன்னார், கரண்ட் பில் கொடுக்க வந்தவரிடம் இந்தியில் சொன்னார். நான் அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜீப்பில் எஞ்சின் நீளவாக்கில் இருக்குமாம், கியர்பாக்ஸ் டிரைவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுமாம். ராடு நேராக அதற்குள் இறங்கும், உள்ளே பல் கடிப்பது கையில் தெரியும். இந்த மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் எஞ்சினைக் குறுக்கே படுக்கப் போட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸும் அதோடு முன்னால் ஒரு ஓரமாய்ப் போய்விட்டது. ராடு இங்கே, பாக்ஸ் அங்கே. இடையில் இரண்டு கேபிள், ஒன்று முன்பின் தள்ள, இன்னொன்று இடம்வலம் நகர்த்த. அவ்வளவு தூரத்திலிருந்து கையில் ஒன்றும் தெரியக் கூடாது, கஞ்சிக்குள் கரண்டி விட்ட மாதிரிதான் இருக்க வேண்டும். முதலில் வந்த முன்சக்கர வண்டிகள் பலதும் அப்படித்தான் இருந்தனவாம். இதில் ஒரு ஸ்பிரிங், ஒரு எடைக்கட்டி, ரப்பர் புஷ், குமிழுக்குள் கொஞ்சம் கனம் என்று சேர்த்துச் சேர்த்து அந்தத் தொடு உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சாமியாரிடம் அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஜீப்புல கியர் தானா பேசும் ஃபாதர். இதுல எவனோ ஒருத்தன் உக்காந்து, இந்தக் கைக்கு என்ன வேணும்னு யோசிச்சு யோசிச்சுப் பேச வச்சிருக்கான்."

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு கைக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்த மனுஷர்தான் இவர். அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை என்பதுதான் என் வழக்கு.

ஒருமுறை மூன்றாவது கியர் விழும்போது ஏதோ லேசாக உரசுகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து நான் மூன்று தடவை கூப்பிட்டால் காதில் விழாத மனுஷருக்கு அது கேட்டது. சென்னைக்கு போன் போட்டு ஒரு ரப்பர் புஷ் சொன்னார். இங்கே எல்லாமே கப்பலில்தான் வர வேண்டும். கடல் சரியில்லை, கப்பல் தள்ளிப்போகிறது என்று தகவல் வரும்போதெல்லாம் சோறு இறங்காமல் எழுந்து போவார். பிள்ளைகள் செமஸ்டர் லீவுக்கு வரும்போதுகூட இவர் ஜெட்டியில் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் வந்தது நெல்லிக்காய் அளவு ஒரு ரப்பர்த் துண்டு. அதை மாட்டிவிட்டு வந்து, அன்றைக்கு என் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவில்லை.

இப்போது என் லைசன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது. பிள்ளைகள் சின்ன வயசாயிருக்கும்போதே டிரைவிங் ஸ்கூலில் ஒரு தொளதொளத்த பழைய வண்டியில் கற்றுக்கொண்டு வாங்கியது. பள்ளிக்கூடம் போக நான் வீட்டிலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சாத்தம் ஜெட்டிக்கு, ஃபெர்ரி ஏறி அக்கரை, அங்கே மறுபடி ஷேர் ஆட்டோ. மழை நாளில் புடவைக் கரை பள்ளிக்கூடம் சேர்வதற்குள் சேறாகிவிடும். முழங்கால் வேறு படிகளில் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. இவருடைய வொர்க்‌ஷாப் பைக்கில் பத்து நிமிஷம். கார் பகல் முழுக்க வீட்டு வாசலில் சும்மா நிற்கும். அதை எனக்குக் கொடுங்கள், ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

முதலில் பஸ் இருக்கிறதே என்றார். பிறகு ஃபெர்ரியில் ஏறி இறங்குகிற ராம்ப் செங்குத்து என்றார். நெருக்கிக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. புதுக் கை பட்டால் கியர் கெட்டுவிடுமாம். கிளச்சை முழுசாக மிதிக்காமல் இழுத்தால் உள்ளே பித்தளை வளையம் தேய்ந்துவிடுமாம். "குரங்கு கையில பூமாலையா, ஏட்டி?" என்று சிரித்தார். கிண்டல்தான். ஆனால் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே செய்த கிண்டல்.

அதையும் பொறுத்திருப்பேன். பத்துபஸ்தியிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார், ஏர்போர்ட்டில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இவர் ஒன்றும் கேட்காமலே சாவியை நீட்டினார். புதுக் கைதானே அதுவும். இரண்டு பேரும் ஏறினார்கள். இவர் என் இடத்தில், இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கியர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்ததும் சிநேகிதர், "ஏக்தம் மக்கன், பாய்" என்றார். வெண்ணெய் என்கிறார். நான் இரண்டு பேருக்கும் டீ போட்டேன். சர்க்கரை போடவில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்காமலே குடித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தீவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியை நிறுத்த யாரும் விரும்பமாட்டார்கள். மழையிலும் உப்பிலும் நாலு நாள் நின்றால் பின்சக்கரத்தில் பிரேக் துருப்பிடித்து அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல் கியரில் போட்டு நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரர் அதிலும் ஒரு படி மேலே. கியரில் நிறுத்தினால் வண்டியின் பாரம் முழுக்கப் பல்மேல் உட்காருமாம். ஆகவே ஹேண்ட்பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. படாக் மரத்தில் அவரே செதுக்கிய இரண்டு ஆப்புக் கட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, நியூட்ரலில் விட்டுவிட்டுத்தான் போவார். சக்களத்தி இரவெல்லாம் பாரமில்லாமல் தூங்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூட லைப்ரரிக்குப் புத்தகக் கட்டுகள் வந்து எங்கள் வீட்டில் கிடந்தன, பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது. அதனால் மட்டுமே அவர் காரை எடுத்துக்கொண்டு என்னோடு வர ஒப்புக்கொண்டார். சாத்தத்தில் ஃபெர்ரியில் ஏறினோம். எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி. அதன் பின்பக்கம் தண்ணீர் பைப்புகள் ஒரு கட்டாகக் கதவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒரு சிவப்புத் துணி. டெக்கில் நின்ற ஊழியர் ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, கியர் போடு, ஹேண்ட்பிரேக் போடு, எல்லோரும் இறங்கு என்று இந்தியில் சொல்லிக்கொண்டே போனார். இவர் தலையை ஆட்டினார். இறங்கி ஆப்புக் கட்டைகளை வைத்தார். எஞ்சின் ரூமில் ஏதோ சத்தம் சரியில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. நான் இறங்காமல் இடது சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கியிருக்க வேண்டும்தான்.

அக்கரையை நெருங்கும்போது ஒரு பெரிய கப்பல் கடந்து போனது. அதன் அலை வந்து எங்கள் ஃபெர்ரியை அடியிலிருந்து தூக்கிவிட்டது. இரும்புத் தளம் மழையில் வழுவழுத்துக் கிடந்தது. கட்டை நழுவியது எனக்குக் கேட்டது. வண்டி நகர்ந்தது. மெதுவாகத்தான், நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் கண்ணாடிக்கு நேரே அந்தப் பைப்புக் கட்டு கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். தொடாமலே வைத்திருந்த பிரேக் அல்லவா, வெறுமனே மேலே வந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை. காலுக்குப் பிரேக் என் பக்கம் இல்லை. பிறகு என் கை போன இடம் அந்தக் கறுப்புத் தலைதான். இடது பக்கம் இழுத்து முன்னே அழுத்தினேன். உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்து என் தோள்வரை ஏறியது. விடவில்லை, இரண்டு கையாலும் தள்ளினேன். ஏதோ ஒன்று போய் எதிலோ விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. பைப்பின் நுனிச் சிவப்புத் துணி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் ஓடி வந்தார். மழையில் சறுக்கிக்கொண்டு, வாயில் மூச்சு வாங்க ஓடி வந்தார். வலது கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளச்சை மிதித்தார், கை ராடுக்குப் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே திரும்ப ஒன்று.

"கிளச்சு மிதிக்காமலா போட்ட?" என்றார். அதுதான் முதல் வார்த்தை.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே டெக் ஊழியர் இந்தியில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நியாயமான திட்டுத்தான், இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.

"உயிரோட இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றேன். "ஒரு வார்த்தை. அதுகிட்ட ஏழு தடவ கேட்டாச்சு. எறங்குங்க. நான் ஓட்டுதேன்."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஃபெர்ரி அக்கரையைத் தொட்டு ராம்ப் இறங்கிக்கொண்டிருந்தது, பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கடந்தோம். நனைந்த சட்டையோடு என் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் அவர் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

வலது சீட்டில் உட்கார்ந்து அந்த ராடை முதன்முதலாகப் பிடித்தேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ராடு என்பது குலுக்கித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. இது அப்படியில்லை. குமிழ் உள்ளங்கைக்குள் கனமாக வந்து அடங்கியது. தள்ளினேன். கொஞ்சம் மறுத்தது, பிறகு உள்ளேயிருந்து யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி தானாகவே போய் உட்கார்ந்தது. ராம்பில் ஏறினேன். இரண்டாவதுக்கு நேரே கீழே இழுத்தால் போதும். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது ராடு தானாக நடுவுக்கு வந்து என் கையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அவ்வளவு கரகரப்பைத் தாங்கிய பிறகும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதில் இருந்தாலே போதுமான மேட்டில், தேவையில்லாமல் இரண்டுக்கு இறக்கி மறுபடி மூன்று போட்டேன். இன்னொரு தடவையும் போட்டேன்.

அதுவரை எனக்கு அந்த ராடு மேல்தான் பொறாமை. அந்த மேட்டில் அவர் மேலேயே பொறாமை வந்தது. இத்தனை காலம் தினம் தினம் இது இவருக்குக் கிடைத்திருக்கிறது. நான் நனைந்த புடவையோடு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோதெல்லாம் இவர் கையில் இது இருந்திருக்கிறது. பகிர்ந்துகொள்ளத் தோன்றவில்லை இவருக்கு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி முதல் கியரில் போட்டேன், ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். சாவியை என் ஹேண்ட்பேக்கில் போட்டேன்.

சாவி இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை. மறுநாளே ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் நான்தான் ஓட்டுகிறேன். இடது சீட்டில் அவருடைய கைகள் வைக்க இடமில்லாமல் மடியில் கிடக்கின்றன. பார்த்தால் பாவமாக இருக்கும், சாவியைக் கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை.

சாயங்காலம் நான் வீடு சேரும்போது அவர் காபி போட்டு வைத்திருக்கிறார். கல்யாணமான நாளாக இல்லாத வழக்கம் இது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு மூணாவது எப்படி விழுந்துச்சு என்று கேட்கிறார். ஃபெர்ரி ராம்பில், மேட்டில், மழையில் என்று நான் சொல்லச் சொல்ல முழு உடம்பும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. கண் என் வாயைவிட்டு நகர்வதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. அந்தக் கவனத்தில் ஒரு துளிகூட எனக்கானதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டி நீட்டிச் சொல்கிறேன். சில நாள் இல்லாத ஓர் உரசலையும் சேர்த்துக்கொள்கிறேன்.